மாலையானால் வயிறு பலூன்: பாலை நிறுத்தியும் குறையவில்லை

நடுப்பக்கம்:

வணக்கம். காலையில் எழுந்திருக்கும்போது வயிறு தட்டையாகத்தான் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு பெல்ட்டை இரண்டு துளை தளர்த்த வேண்டியிருக்கிறது. வலி என்று சொல்ல முடியாது. உள்ளே யாரோ பம்பு வைத்துக் காற்றடித்துவிட்டுப் போன மாதிரி ஓர் இறுக்கம். மேலே ஏப்பம், கீழே சொல்லவே வேண்டாம். மீட்டிங் அறையில் கதவோர நாற்காலியைப் பிடிப்பதற்காகவே பத்து நிமிடம் முன்னால் போய்விடுகிறேன். பொறுப்பானவன் என்று பெயர் கிடைத்திருக்கிறது.

வயது 38. மூன்று மாதமாக இப்படி. எடை குறையவில்லை, பசியில் குறையில்லை. பால்தான் காரணம் என்று நினைத்து இரண்டு வாரம் அடியோடு நிறுத்திப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. வாயுவுக்கான சிமெத்திகோன் மாத்திரையை மென்றால் அரை மணி நேரம் நிம்மதி, அப்புறம் பழையபடி. அடுத்து கோதுமையை நிறுத்தலாம் என்றிருக்கிறேன். யாராவது செய்து பார்த்ததுண்டா?

கடைசிபெஞ்ச்:

சங்கத்துக்கு நல்வரவு. கதவோர நாற்காலிக்கு இங்கேயும் போட்டி உண்டு. என் வழி எளிது: நன்றாகச் சாப்பிட்டு முடித்ததும் ஒரு ஸ்பூன் சமையல் சோடாவைத் தண்ணீரில் கலக்கி ஒரே மூச்சில் குடிப்பேன். பெரிதாக ஓர் ஏப்பம் வரும், வயிறு இறங்கிவிடும்.

வெள்ளையங்கி:

கடைசிபெஞ்ச், அதை முதலில் நிறுத்துங்கள். சோடா வயிற்று அமிலத்தோடு சேர்ந்தவுடன் கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. நீங்கள் விடும் பெரிய ஏப்பம் நீங்களே உள்ளே தயாரித்த வாயுதான். அதை வெளியேற்றிவிட்டுக் குணமானதாக நினைக்கிறீர்கள். நிறையச் சாப்பிட்ட வயிற்றில் சோடா போட்டு இரைப்பையே கிழிந்துபோன சம்பவங்கள் அரிதாக என்றாலும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. உப்புச்சத்து வேறு. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கிட்டேயே போகக்கூடாது.

நடுப்பக்கம், நான் குடல்நோய் வார்டில் பல வருடம் செவிலியாக இருந்தவள். மருத்துவர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். கோதுமையை இப்போதைக்குத் தொடாதீர்கள். கோதுமையில் உள்ள குளூட்டன் புரதத்தால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்கும் சீலியாக் என்ற நோய் இருக்கிறதா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனை, நீங்கள் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் சரியாகக் காட்டும். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். பரிசோதனைக்கு முன் குறைந்தது ஆறு வாரம் தினமும் ஒரு வேளைக்கு மேல் சாப்பிட்டிருக்க வேண்டும் என்பார்கள். எனவே முதலில் பரிசோதனை, அப்புறம் நிறுத்துவது.

இரண்டாவது, வாயு வருவது நோயல்ல. ஒரு நாளைக்குப் பத்து இருபது முறை பிரிவது சாதாரணம். 1991இல் பத்துப் பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். வழக்கமான சாப்பாட்டோடு 200 கிராம் வெந்த பீன்ஸ் கொடுத்து 24 மணி நேரம் வாயுவைப் பிடித்து அளந்தார்கள் (எப்படிப் பிடித்தார்கள் என்று கேட்காதீர்கள், ஒரு குழாயும் பையும்தான்). மிகக் குறைவாக வந்தவருக்கு 476 மில்லி, அதிகமாக வந்தவருக்கு 1491 மில்லி, நடு அளவு 705. எல்லாரும் ஆரோக்கியமானவர்கள். நார்ச்சத்தே இல்லாத உணவுக்கு மாறியதும் அது இருநூற்றுச் சொச்சத்துக்கு இறங்கியது.

இப்போது என் கேள்வி. மூன்று மாதம் என்கிறீர்கள். மூன்று மாதத்துக்கு முன் வாழ்க்கையில் என்ன மாறியது?

நடுப்பக்கம்:

கேள்வியைப் படித்ததும் கொஞ்சம் திக்கென்றது. சிகரெட்டை விட்டேன். அதிலிருந்து கணக்கு வைத்தால் சரியாக மூன்று மாதம் ஒரு வாரம்.

கையும் வாயும் சும்மா இருக்காததால் சர்க்கரை இல்லாத சூயிங்கம். ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு இருக்கும். எடை ஏறிவிடுமோ என்ற பயத்தில் காலை பதினொரு மணிக்கு 'அதிக நார்ச்சத்து' என்று போட்ட ஒரு பார். மற்றபடி நல்ல பழக்கங்கள்தான்!

பேனாமுள்:

சூயிங்கம் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்தீர்களா? சார்பிடால், மானிடால், சைலிடால் என்று ஏதாவது ஓர் இனிப்பூட்டி இருக்கும். இவை சிறுகுடலில் அரைகுறையாகத்தான் உறிஞ்சப்படும். மிச்சம் பெருங்குடலுக்குப் போகும். அங்கே காத்திருக்கும் பாக்டீரியாவுக்கு அது விருந்து. ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேன்.

ஒரு சூயிங்கத்தில் ஒரு கிராமுக்கு மேல் சார்பிடால் இருக்கும். பன்னிரண்டு என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பத்து கிராம் தாண்டினாலே பலருக்கு உப்புசம் வரும், இருபது கிராம் போனால் வயிற்றுப்போக்கு. 2008இல் ஒரு மருத்துவ இதழில் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். தீராத வயிற்றுப்போக்கு, எடை இறங்கிக்கொண்டே போகிறது. எல்லாப் பரிசோதனையும் செய்து முடித்த பிறகுதான் தினமும் மென்ற சூயிங்கம் கணக்கு வெளியே வந்தது. விட்டதும் சரியாகிவிட்டது.

மெல்லும்போது விழுங்கும் காற்று தனிக் கணக்கு. அந்த நார்ச்சத்து பாரில் சிக்கரி வேர், இனுலின் என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள், அதுவும் பெருங்குடலில் நொதிக்கும் நார்தான்.

நடுப்பக்கம்:

பார்த்தேன். சூயிங்கம்: சார்பிடால் முதல் வரியிலேயே. பார்: சிக்கரி வேர் நார் இரண்டாவது வரி. பாலிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

வெள்ளையங்கி:

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிகரெட்டை விட்ட சில வாரங்களுக்குப் பலருக்கு மலச்சிக்கல் வரும். வெளியேறாமல் தேங்கிக் கிடக்கும் மலத்துக்குப் பின்னால் வாயுவும் மாட்டிக்கொள்ளும். தினமும் போகிறீர்கள் என்றாலும் முக்கிப் போகிறீர்களா, முழுசாகப் போன திருப்தி இருக்கிறதா என்று பாருங்கள்.

இதைக் காரணமாக வைத்துத் திரும்ப சிகரெட்டைத் தொட்டீர்கள் என்றால் நான் இந்த இழையை விட்டே போய்விடுவேன். மாற்ற வேண்டியது சூயிங்கத்தைத்தான்.

குடல்காவலன்:

இப்படி ஒவ்வொன்றாகத் துப்பறிவதற்குப் பதில் குடலைச் சுத்தம் செய்துவிடலாமே? மூன்று நாள் பழச்சாறு மட்டும், எல்லாக் கழிவும் வெளியேறிவிடும். நான் அதோடு உணவு ஒவ்வாமைக்கான இரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டேன். 43 உணவுகள் எனக்கு ஆகாது என்று பட்டியல் கொடுத்தார்கள்.

பேனாமுள்:

ஆப்பிள், பேரிக்காய், மாம்பழம் மூன்றிலும் குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை அதிகம், அந்த மிச்சமும் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போகும். உப்புசக்காரருக்கு மூன்று நாள் அந்தச் சாறு கொடுத்தால் கதவோர நாற்காலி போதாது, மொட்டைமாடிதான்.

அந்த 43 பட்டியல், இரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் பரிசோதனையாக இருக்கும். ஒரு உணவுக்கு ஐஜிஜி இருக்கிறது என்றால் அதை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான். உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒவ்வாமை மருத்துவச் சங்கங்களே சொல்லியிருக்கின்றன. 43 உணவை விட்டுவிட்டு என்னதான் சாப்பிடுகிறீர்கள்?

குடல்காவலன்:

அரிசியும் வேகவைத்த கேரட்டும். ஆனால் உப்புசம் குறைந்தது உண்மை, அதை மறுக்க முடியாது.

வெள்ளையங்கி:

குறையத்தான் செய்யும். நொதிக்கக்கூடியது எல்லாவற்றையும் ஒரே அடியாக எடுத்துவிட்டீர்கள். எது காரணம் என்று மட்டும் உங்களுக்கு இன்னும் தெரியாது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபாட்மேப் (குடலில் எளிதில் நொதிக்கும் சர்க்கரை வகைகள்) குறைந்த உணவுமுறை என்று ஒன்று இருக்கிறது. அதுவும் நிறைய உணவுகளை விலக்கச் சொல்லும். ஆனால் இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குத்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வகையாகத் திரும்பச் சேர்த்து, எது எவ்வளவு ஒத்துக்கொள்கிறது என்று பார்ப்பதுதான் உண்மையான வேலை. பாதிப் பேர் முதல் கட்டத்திலேயே நின்றுவிடுவார்கள், பயத்தில். குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் அதில் பட்டினி கிடக்கும். ஓர் உணவியல் நிபுணரை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவாருங்கள், சகோதரரே. கேரட்டிலேயே நிற்காதீர்கள்.

அடுப்படி:

பயறு, கொண்டைக்கடலை, பீன்ஸ் பற்றி யாரும் பேசவில்லையே. பாதிப் பேர் "கேஸ்" என்று சொல்லி அதைத்தானே முதலில் கைவிடுகிறார்கள்.

அவற்றில் இருக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளை உடைக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது. யாருக்குமே கிடையாது, அதனால் உங்கள் வயிற்றைத் தனியாகக் குறை சொல்லாதீர்கள். ஆனால் அவை தண்ணீரில் கரையும். இரவு ஊறவைத்து, காலையில் பாருங்கள்: தண்ணீர் மங்கி, ஓரத்தில் சின்னச் சின்ன நுரை கட்டியிருக்கும். "சத்து போய்விடும்" என்று அதே தண்ணீரில் வேகவைக்கிறோமே, அங்கேதான் தவறு. கொட்டிவிட்டு இரண்டு முறை அலசிப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். விரலால் நசுக்கினால் நடுவில் கடினமே இல்லாமல் மசிய வேண்டும். டப்பாவில் வருவதையும் அலசிவிட்டுப் பயன்படுத்தலாம்.

முதல் வாரம் இரண்டு ஸ்பூன் போதும். வாரத்துக்கு ஒரு நாள் ஒரு கிண்ணம் சாப்பிடுபவருக்குத்தான் தொல்லை அதிகம். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் சாப்பிட்டால் சில வாரங்களில் குடல் பழகிவிடும், பலருக்கு அப்படித்தான். அவசரத்துக்கு ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் என்ற நொதி மாத்திரை உண்டு, முதல் கவளத்தோடு போட வேண்டும். சாப்பிட்டு முடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டுப் பயனில்லை.

பூண்டு ஆகாதவர்களுக்கு ஒரு வழி: அதில் தொல்லை தரும் ஃபிரக்டான் என்ற நார்ச்சத்து எண்ணெயில் கரையாது. பூண்டை எண்ணெயில் வதக்கி, பூண்டை எடுத்து எறிந்துவிட்டு எண்ணெயை மட்டும் பயன்படுத்தினால் மணம் இருக்கும், தொல்லை இருக்காது. அன்றன்றைக்குச் செய்துகொள்ளுங்கள். பூண்டு எண்ணெயை வெளியில் வைத்துச் சேமித்தால் பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நச்சு உருவாகலாம்.

மழைமேகம்:

எனக்கு மாதவிடாய்க்கு ஐந்தாறு நாள் முன்னால் மட்டும் இப்படி உப்பும். வந்த இரண்டாம் நாள் தானாக வற்றிவிடும். அப்போது உணவைக் குறைத்தும் பயனில்லை. இதற்கும் பத்தியம் இருக்க வேண்டுமா?

வெள்ளையங்கி:

வேண்டாம் தங்கை. அந்த நாட்களில் ஹார்மோன் மாற்றத்தால் குடலின் வேகம் குறையும், உடம்பு நீரையும் பிடித்து வைக்கும். உப்பைக் கொஞ்சம் குறைத்து, நடையைக் கொஞ்சம் கூட்டினால் போதும். வந்து போகும் உப்புசம் அவ்வளவு பயப்பட வேண்டியதல்ல.

போகாத உப்புசம் வேறு. குறிப்பாக 50 வயதைத் தாண்டிய பெண்களுக்குப் புதிதாக ஆரம்பித்து, மாதத்தில் பன்னிரண்டு நாளுக்கு மேல் இருந்தால், சீக்கிரமே வயிறு நிரம்பிவிடுகிறது, அடிக்கடி சிறுநீர் வருகிறது என்றும் இருந்தால், வாயு என்று விட்டுவிடக் கூடாது. சூலகப் புற்றுநோய் இப்படித்தான் சத்தமில்லாமல் ஆரம்பிக்கும். சிஏ 125 என்ற இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஆனாலும் பாருங்கள்.

பழையடைரி:

படித்துக்கொண்டு மட்டும் போகலாம் என்றிருந்தேன். "வாயு என்று விட்டுவிடக் கூடாது" என்ற வரியைப் பார்த்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

எனக்கு அப்போது 54. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சுக்கு நடுவில் ஓர் இறுக்கம். குத்தும் வலி இல்லை, யாரோ முழங்கையை வைத்து அழுத்துகிற மாதிரி. கூடவே ஏப்பம் வேறு வந்தது. அந்த ஏப்பம்தான் என்னை ஏமாற்றியது. கேஸ்தான் என்று முடிவுகட்டி, வெந்நீர் குடித்து, அறைக்குள்ளேயே மேலும் கீழும் நடந்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தாடை வலித்ததைப் பல் என்று நினைத்தேன். மூன்று மணி நேரம். என் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் செருப்பை எடுத்துப் போட்ட பிறகுதான் கிளம்பினேன். இசிஜி எடுத்ததும் அங்கே எல்லாரும் ஓட ஆரம்பித்தார்கள்.

இதயத்தில் ஒரு பகுதி நிரந்தரமாகப் பலவீனமாகிவிட்டது. ஒரு மணி நேரத்தில் போயிருந்தால் அவ்வளவு போயிருக்காது என்றார்கள்.

வெள்ளையங்கி:

நன்றி ஐயா. நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி: இதில் ஏப்பம் வந்தாலும் வராவிட்டாலும் அவசர ஊர்தியைக் கூப்பிட வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் அசதி, குமட்டல் என்றும் வரலாம்.

வயிற்றிலும் உடனே போக வேண்டிய நிலைகள் உண்டு. வயிறு கல் மாதிரி வீங்கி, கடும் வலி, வாந்தி, மலமும் வாயுவும் ஒன்றுமே போகவில்லை என்றால் குடல் அடைப்பாக இருக்கலாம். காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் இரத்தம், இரத்தசோகை, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் இணையத்தில் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

இனிப்புக்குத்தடை:

இடையில் ஒரு கேள்வி. சர்க்கரை நோய்க்கு அகார்போஸ் என்ற மாத்திரை எடுக்கிறேன். சோறு சாப்பிட்டால் வயிற்றுக்குள் இடி இடிக்கிறது.

பேனாமுள்:

மருந்து தன் வேலையைச் செய்கிறது. மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதை அது சிறுகுடலில் தாமதப்படுத்தும், தப்பியது பெருங்குடலுக்குப் போய் நொதிக்கும். குறைந்த அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றினால் தாங்கும். மெட்ஃபார்மினும் சிலருக்கு இப்படிச் செய்யும், அதில் மெல்லக் கரையும் வகை பரவாயில்லை. நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடம் இடியைப் பற்றிச் சொல்லுங்கள்.

நடுப்பக்கம்:

பத்து நாள் அறிக்கை. சூயிங்கமும் பாரும் முழு நிறுத்தம். பாலை திரும்ப ஆரம்பித்தேன், ஒரு நேரத்துக்கு ஒரு தம்ளர், ஒன்றும் ஆகவில்லை. கழிவறையில் காலடியில் சின்ன ஸ்டூல் போட்டு முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி உட்காருகிறேன். வித்தியாசம் தெரிகிறது. மதிய சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிட நடை. கீழ்வழிப் புகார் முக்கால்வாசி குறைந்துவிட்டது.

ஆனால் ஒரு புதிர். வாயு குறைந்தும் மாலையில் வயிறு இன்னும் முன்னால் தள்ளுகிறது. முன்பு இரண்டு துளை, இப்போது ஒன்றரை. சில நாள் டைரி எழுதினேன். தள்ளுவதற்கும் சாப்பிட்டதற்கும் சம்பந்தமே தெரியவில்லை.

பேனாமுள்:

டைரியில் கடைசியாகச் சாப்பிட்டதைக் குற்றவாளியாக்காதீர்கள். நொதித்து வாயுவாக வருவதற்கு நாலு முதல் ஆறு மணி நேரம் ஆகலாம். மாலை உப்புசத்துக்குக் காலைச் சாப்பாட்டையும் பாருங்கள். சாப்பிட்டு உட்கார்ந்தவுடனே உப்பினால் பெரும்பாலும் விழுங்கிய காற்றுதான். வேகமாகச் சாப்பிடுபவரா?

நடுப்பக்கம்:

ஏழு நிமிடம். போனைப் பார்த்துக்கொண்டே. கடிகாரம் வைத்து அளந்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

வெள்ளையங்கி:

உங்கள் ஒன்றரைத் துளைக்கு இன்னொரு விளக்கம் இருக்கலாம். இது பலருக்கும் தெரியாத விஷயம், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உப்புசக்காரர்களை வயிறு உப்பிய நேரத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். நிறையப் பேருக்கு உள்ளே வாயு சொல்லிக்கொள்ளும்படி கூடவில்லை. கூடியதெல்லாம் முன்பக்க வயிறு மட்டும். சாதாரணமாக வயிற்றில் கொஞ்சம் பொருள் கூடினால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் மேலே ஏறி இடம் கொடுக்கும், முன்வயிற்றுத் தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும். இவர்களுக்கு இது தலைகீழாக நடக்கிறது. உதரவிதானம் கீழே அழுத்துகிறது, முன்தசை தளர்ந்து விடுகிறது. உள்ளே அதே சரக்குதான், பை மட்டும் முன்னால் பிதுங்குகிறது. வேண்டுமென்று செய்வதில்லை. குடல் சின்ன அழுத்தத்தைக்கூடப் பெரிதாக உணர்வதும் சேர்ந்து உடம்பு இப்படிப் பழகிக்கொள்கிறது. நோயாளி பொய் சொல்கிறார் என்று நாங்களே ஒரு காலத்தில் நினைத்திருக்கிறோம், அது இப்போதும் உறுத்துகிறது.

இதற்குப் பயிற்சி இருக்கிறது. சாப்பிட்ட பிறகு நாற்காலியில் சாய்ந்து, ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை வயிற்றிலும் வையுங்கள். மூக்கால் இழுக்கும்போது வயிற்றுக் கை மட்டும் மெல்ல எழ வேண்டும். விடும்போது இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்து, வயிறு உள்ளே போகும்படி விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். நெஞ்சை நிமிர்த்திப் பெரிய மூச்சாக இழுக்காதீர்கள், அது உதரவிதானத்தை இன்னும் கீழே தள்ளும். இதையே திரையில் தசை அசைவைக் காட்டிப் பழக்கும் பயோஃபீட்பேக் சிகிச்சையும் சில இடங்களில் உண்டு.

கடைசிபெஞ்ச்:

வாயுவே இல்லாத உப்புசம்! இவ்வளவு நாள் எதை வெளியேற்றுவதற்காக சோடா குடித்தேன்? (நிறுத்திவிட்டேன் அக்கா, திட்டாதீர்கள்.)

புதினா எண்ணெய் கேப்சூல் பற்றி என்ன சொல்கிறீர்கள்? ப்ரோபயாட்டிக் என்ற நல்ல பாக்டீரியா மாத்திரை?

வெள்ளையங்கி:

புதினா எண்ணெய் குடல் தசையைத் தளர்த்தும். எரிச்சல் குடல் நோய் (ஐபிஎஸ், அடிக்கடி வயிற்றுவலியும் மலம் போவதில் மாற்றமும் வரும் தொல்லை) உள்ளவர்களுக்கு நன்றாகவே உதவுகிறது. குடலில் போய்க் கரையும்படி பூச்சு போட்ட கேப்சூலாக இருக்க வேண்டும், கடிக்கக் கூடாது. நெஞ்செரிச்சல் இருந்தால் வேண்டாம், அதிகமாக்கும். ப்ரோபயாட்டிக் சிலருக்குக் கேட்கும், சிலருக்கு வாயுவைக் கூட்டும். ஒரே வகையை நாலு வாரம் பாருங்கள், மாற்றம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

நடுப்பக்கம்:

ஐந்தாவது வாரம். போனை வேறு அறையில் வைத்துவிட்டுச் சாப்பிடுகிறேன். இருபது நிமிடம் ஆகிறது, மிகவும் போரடிக்கிறது. மூச்சுப் பயிற்சி மதியமும் மாலையும். சீலியாக் பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்துவிட்டது. பெல்ட் அரைத் துளை. அது என் வயது என்று நினைக்கிறேன்.

சிகரெட் தொடவில்லை. ஆனால் மாலை நாலு மணிக்கு வாய் இன்னும் பரபரக்கிறது. இப்போது பென்சிலைக் கடிக்கிறேன்.

கடைசிபெஞ்ச்:

பென்சிலில் சார்பிடால் கிடையாது, தாராளமாகக் கடியுங்கள். அந்தக் கதவோர நாற்காலி காலியாகிவிட்டதா? எனக்குச் சொல்லுங்கள்.